புத்தகத்தின் மூன்றாவது துண்டு

தல்திகோர்கான்,
மார்ச் மாதம், முற்றம் முழுக்கச் சேறு.

என் கண்ணு தொக்ஜானுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் போன வாரம் நம் வீட்டில் நடந்த கூத்துக்குப் பிறகு அதைவிட அவசரமான சேதியை முதலிலேயே போட்டுவிடுகிறேன், நான் உயிரோடு இருக்கிறேன். உன் அப்பாவும் இருக்கிறார், ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிட்டு அதைத் தேடுவதாகச் சொல்லிச் சர்க்கரை டப்பாவைத் திறக்கிறார். பனி உருகிக் கூரையிலிருந்து நாளெல்லாம் சொட்டுகிறது, இந்த ஈரம் என் மூட்டுகளுக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும், அதைப் பற்றி இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ குறுக்கே பாய்கிறாய், இல்லாவிட்டால் அழுகிறாய். காகிதத்தில் உன்னால் இரண்டும் முடியாது, நான் சொல்லி முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். எழுத்து நடுவில் கோணினால் பயப்படாதே, காலையில் விரல் இளகுவதற்கு முன்னால் எழுதியது கோழி கிளறிய மாதிரி இருக்கும், மத்தியானம் எழுதியது நன்றாக இருக்கும்.

நீ செய்ய நினைத்தது நல்லதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மாத ஆரம்பத்தில் முட்டி, மணிக்கட்டு எல்லாம் வீங்கி நான் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தேன், நீ பிராகில் உட்கார்ந்துகொண்டு தவித்தாய், சொந்தக்காரர்கள் யாராவது போய் அம்மாவைப் பார்க்கட்டுமே என்று குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினாய். அதை ரஷ்ய மொழியிலேயே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா? பெரியவர்கள் படிக்கிற இடம், கசாக்கில் எழுதினால்தான் மரியாதை என்று நினைத்து, 'என்னால் வர முடியவில்லை, தயவுசெய்து எல்லாரும் எங்கள் வீட்டுக்குப் போய்க் கொங்கில் சொல்லிவிட்டு வாருங்கள்' என்று போட்டுவிட்டாய். அடிப்பாவி! நோயில் கிடப்பவளைப் பார்க்கப் போனால் கொங்கில் கேட்பது, சாவு வீட்டுக்குப் போனால் கொங்கில் சொல்வது. கொங்கில் என்றால் மனசு, அதில் ஒன்றும் குழப்பம் இல்லை, கேட்டால் ஆள் இருக்கிறாள், சொன்னால் ஆள் போய்விட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் எல்லாம் சரியாக இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததில் நீ போனில் கேட்டது கால்வாசிதான், மீதியையும் கேள். உன் அப்பா ரொட்டி வாங்கப் போயிருந்தார். நான் இஸ்திரி மேசையில் முழங்கையை ஊன்றி நின்றபடி படம் பார்த்துக்கொண்டிருந்தேன், உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, இப்போதெல்லாம் எனக்குச் சினிமாக் கொட்டகை இஸ்திரி மேசைதான். வாசலில் டாக்ஸி வந்து நின்றது. அழுதுகொண்டு காரோட்ட முடியாது என்று தெகெலியிலிருந்து வாடகை வண்டி பிடித்து வந்திருக்கிறான் என் அண்ணன் மிர்சாபெக். வண்டிக் கதவு திறந்ததும் ஐயோ என் தங்கச்சி, எங்கள விட்டுட்டு போய்ட்டியே என்று தெருவே அதிரும்படி அலறிக்கொண்டு ஓடி வருகிறான். பின்னாலேயே குல்பாஷ் அண்ணி, ஒப்பாரியை ராகத்தோடு எடுத்துவிட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, யாரோ செத்துவிட்டார்கள், உன் அப்பாதான் ரொட்டிக் கடையில் விழுந்துவிட்டார் என்று நினைத்து நானும் ஓவென்று அழத் தொடங்கினேன். கதவுப் பிடியைத் திருக எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியுமல்லவா, அவ்வளவு நேரமும் அவர்கள் வெளியே அழுகிறார்கள், நான் உள்ளே அழுகிறேன். கதவைத் திறந்ததும் அண்ணன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்து, ஏ நகிமா, நீ இன்னும் இங்கதான் இருக்கியா என்று கேட்டான். எங்கே போகச் சொல்றீங்க என்றேன். அண்ணி அவன் முதுகில் ஒன்று வைத்தாள், ஆனால் எடுத்த அழுகையை என்ன செய்வது, அதை முடித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள்.

வண்டியின் பின்பக்கம் ஓர் ஆடு, உயிரோடு. என் சாவுச் சாப்பாட்டுக்கு. இவளுக்குன்னு ஏத்தினத திருப்பி எறக்கிட்டுப் போகக் கூடாது, இவ நல்லபடியா இருக்கட்டும்னு அறுத்துடலாம் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான், ரொட்டியோடு வந்த உன் அப்பாவும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விட்டார். என் சாவுக்கு வந்தவர்களுக்கு நானே மேசை போட்டேன் தொக்ஜான், நானே தேநீர் ஊற்றினேன். நம் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களுக்கு நிச்சயம் மணிக்கட்டு வலி இருந்திருக்காது. கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினால்தான் மரியாதை, அவர்கள் திரும்பத் திரும்பக் கிண்ணத்தை நீட்டுவார்கள், நான் திரும்பத் திரும்பக் கெட்டிலைத் தூக்க வேண்டும். நிரம்ப ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். நான் கையை மாற்றி மாற்றித் தூக்குவதை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் என் நோயைப் பற்றிப் பேசுவதில் மும்முரமாக இருந்தார்கள். தோல் சூடா இருக்கறப்பவே அதுல சுருட்டிப் படுத்தா மூட்டுல இருக்கறதெல்லாம் இழுத்துடும்டீ, ஆடுதான் ரெடியா இருக்கே என்கிறாள் அண்ணி. எனக்காகச் செத்த ஆட்டின் தோலில் நான் படுக்க வேண்டுமாம். பதினோரு வருஷமாக எனக்கு இருப்பது என்ன நோய் என்று இவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம், ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் ரசாயனம் என்கிறார்கள், தேநீரில் நாலு கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டு.

அதோடு விட்டார்களா? பெத்தவ இப்படிக் கெடக்கா, பொண்ணு வெளிநாட்டுல என்ன பண்ணிட்டிருக்கு என்று அண்ணன் ஆரம்பித்தான், ஆரம்பித்த கையோடு எல்லார் முன்னாலும் உனக்குப் போன் போட்டுக் கத்தினான். நீ அந்தப் பக்கம் விசும்பிக்கொண்டே படிப்பை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் மாமா, ஏப்ரலில் வந்துவிடுகிறேன் என்று சொன்னாய். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டார்கள், அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொண்ணுன்னா இதுதான் பொண்ணு என்றாள். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, கெட்டிலை இரண்டு கையாலும் தூக்கி அண்ணன் கிண்ணத்தில் விளிம்பு வழிய ஊற்றினேன். அண்ணி கிண்ணத்திலும் ஊற்றினேன். உன் அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார், வீங்கிய காலை. பெரியவனாகப் பிறந்தவனுக்கு நிரம்பிய கிண்ணம், ஊரெல்லாம் போய்ச் சொல்லப் போகிறார்கள். சொல்லட்டும். என் வீட்டுக்கே வந்து என் மகளின் படிப்பை நடு மேசையில் அறுத்துப் போட்டால் நான் வேறென்ன ஊற்றுவது?

இதில் எனக்கு எரிச்சல் எதில் என்றால், செத்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இவர்கள் எல்லாருக்கும் தெரிகிறது. ஆடு, வண்டி, அழுகை, எல்லாம் ஒரே மணி நேரத்தில் தயார். சாகாமல், குணமும் ஆகாமல் இருக்கிறவளை என்ன செய்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. சினிமாக்காரர்களுக்கும்தான் தெரியவில்லை. நூலகத்தில் இசையும் படமும் வைத்திருந்த அறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தேன், நான் பார்த்த எந்தப் படத்திலாவது என்னைப் போல ஒருத்தி வந்தாளா? படத்தில் நோயாளி என்றால் அழகாக இருப்பாள், வெள்ளைக் கைக்குட்டையில் இருமுவாள், ஒன்று கடைசியில் எல்லாரையும் மன்னித்துச் செத்துப்போவாள், இல்லை எழுந்து வயல்வெளியில் ஓடுவாள். ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து மூடியைத் திறக்கட்டும் என்று காத்திருக்கிறவளை ஏன் ஒருத்தனும் படம் எடுக்கவில்லை? அன்றைக்கு நான் பார்த்துக்கொண்டிருந்த படமும் அப்படித்தான், அவள் இருமத் தொடங்கிய நேரத்தில்தான் அண்ணன் வந்தான். முடிவைப் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம், எனக்குத் தெரியும்.

இப்போது அந்த டாக்ஸிக்காரர் பற்றி எழுத வேண்டும், அவரை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிம் என்று பெயர், தெகெலிக் கொரியர், என் வயது இருக்கும். திரும்பிப் போகிற சவாரிக்காகக் காத்திருந்தவரை உன் அப்பா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். எல்லாரும் நிரம்பிய கிண்ணத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும், அக்கா எனக்கும் அப்படியே ரொப்பி ஊத்துங்க, தாகமா இருக்கு என்று கிண்ணத்தை நீட்டினார். குடித்துவிட்டு ஜன்னலோரம் கிடந்த என் புத்தகத்தை எடுத்தார். அதைப் பற்றி உனக்கு நான் சொல்லவே இல்லை, சொன்னால் அழுவாய் என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தடிப் புத்தகத்தை என்னால் பிடிக்க முடியவில்லை, தலையணை மேல் வைத்தாலும் கட்டை விரல் விட்டுவிடுகிறது, மூக்கின் மேல் விழுகிறது. ஒரு நாள் பொறுமை போய், ரொட்டிக் கத்தியை எடுத்து முதுகோடு வைத்து மூன்று துண்டாக அறுத்துவிட்டேன். உன் அப்பா ஆட்டை அறுக்கும்போது கண் சிமிட்டாதவர், புத்தகத்தை அறுத்ததைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், ஏம்மா ஒனக்கு மனசே இல்லியா என்றார். மனசு இருப்பதால்தான் அறுத்தேன்.

கிம் அந்தத் துண்டைத் திருப்பிப் பார்த்து, இது என்ன பாதியில ஆரம்பிக்குது, மீதி எங்கக்கா என்றார். முதல் துண்டு அலமாரியில் இருக்கிறது, கடைசித் துண்டுக்கு நான் இன்னும் போகவில்லை என்றேன். அப்ப இதுவரைக்கும் என்னதான் ஆச்சு என்றார். தொக்ஜான், நான் சொல்லத் தொடங்கினேன். ஆற்றங்கரையில் தனியாகப் படகுத்துறை நடத்துகிற ஒருத்தி, வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிற ஒரு சாயங்காலம் தெரியாத ஒருவன் குதிரையோடு வந்து அக்கரைக்குக் கொண்டுபோ என்கிறான், அவன் யார் என்று அவளுக்குப் பாதிதான் தெரியும், கயிற்றில் கையை வைக்கிறாள், அங்கே என் இரண்டாவது துண்டு முடிகிறது. அவர் குறுக்கே குறுக்கே கேட்டார், குதிரை என்ன நிறம், அவளுக்கு நீந்தத் தெரியுமா, அவன் ஏன் பாலத்துக்குப் போகவில்லை என்று. மேசையில் மற்றவர்கள் கறி தின்றார்கள், நாங்கள் இரண்டு பேரும் படகுத்துறையில் இருந்தோம். வலி போய்விட்டது என்று எழுத மாட்டேன், அது சினிமாவில் வருவது. வலி இருந்தது, ஆனால் அன்றைக்கு அதோடு வேறொன்றும் இருந்தது. அண்ணனும் அண்ணியும் கொங்கில் சொல்ல வந்தார்கள், அப்புறம் கொங்கில் கேட்பதாக நினைத்துக்கொண்டு போனார்கள். இந்த வீட்டில் அன்றைக்கு என் மனசைக் கேட்டது வண்டியோட்ட வந்த ஆள் ஒருவர்தான். முதல் துண்டை இரவல் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இங்கிருந்து அப்பா எழுதுகிறேன் மகளே, அம்மாவின் கை நின்றுவிட்டது, அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். முதல் வாக்கியம், உன் அப்பா ஒரு கிழட்டுக் கழுதை என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். வியாழக்கிழமை விஷயத்தைச் சொல்லச் சொல்கிறாள். வாரத்தில் அந்த ஒரு நாள் மஞ்சள் மாத்திரை போட்டதும் அவளுக்குக் குமட்டல், அன்றைக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் அப்புறம் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் குமட்டுகிறதாம். அவளுக்கு உயிரான வயலின் இசைத்தட்டு ஒன்று அப்படியே வீணாகிப் போயிற்று. அதனால் வியாழக்கிழமை மட்டும் என்னுடைய கேசட்டுகளைப் போடச் சொல்கிறாள், கெட்டால் அவை கெட்டுப்போகட்டுமாம். நான் இளவட்டமாக இருந்தபோது நடனத்துக்குப் போட்ட பாட்டுகள் மகளே, அவற்றுக்கு இந்த வீட்டில் இதுதான் மரியாதை. இப்போது தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள், சீக்கிரம் எழுதுகிறேன். காலையில் அவளுக்குச் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், உனக்கு அதைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. ரொட்டிக்குப் போனால் ஓடித்தான் வருகிறேன். என்னைக் கேட்டால், நீ வந்துவிடுவது நல்லதுதான்.

நான் திரும்பி வந்துவிட்டேன், இது மறுநாள் மத்தியானம், எழுத்தே சொல்லும். உன் அப்பா கடைசியில் எழுதியதைப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன், அவருக்கும் பயம் இருக்கிறது, அதை அவர் யாரிடம் சொல்வார். பொத்தான் விஷயமும் உண்மைதான், மேல் பொத்தானைத் தப்பாகத்தான் போட்டுவிடுகிறார், நான் நாளெல்லாம் கோணலாகவே திரிகிறேன். நீ வந்தால் சரியாகப் போடுவாய். அதற்காக நீ வரக் கூடாது. எனக்கு உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்றா நினைக்கிறாய்? ராத்திரி உன் பழைய ஸ்வெட்டரைத்தான் கழுத்தில் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், போதுமா? ஆனால் படிப்பு முடிய ஒரே ஒரு வருஷம் பாக்கி வைத்துவிட்டு, கட்டடம் கட்டப் படிக்கிறவள் இங்கே வந்து எனக்குப் பொத்தான் போட உட்கார்ந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் நீ என்னை ஒரு பார்வை பார்ப்பாய். நீ நல்ல பெண், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாய். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. மூட்டுக்கு மாத்திரை இருக்கிறது, அதற்கு இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத்தான் உன்னிடம் சொல்லவே முடியாமல் இத்தனை பக்கம் வளவளவென்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன்மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை, உன்மேலும்தான். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் சேர்ந்து படிப்போமே, உன் அடையாளம் பஸ் டிக்கெட், என் அடையாளம் நூல், முன்னால் போனவள் வாயைத் திறக்கக் கூடாது. நீ தாங்க மாட்டாமல் சமையலறை வாசலில் வந்து நின்று, அம்மா நீ எந்தப் பக்கத்துல இருக்க, சீக்கிரம் படிம்மா என்று குதிப்பாய். இப்போது கூப்பிட்டால் மாத்திரை போட்டாயா, ரத்தப் பரிசோதனையில் எவ்வளவு வந்தது, டாக்டர் என்ன சொன்னார். போன வாரம் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், கேமராவில் கையைக் காட்டு என்றாய். காட்டினேன், என்ன செய்வது. ஊரெல்லாம் என்னை ஒரு மூட்டாகப் பார்க்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. நீயும் அப்படிப் பார்த்தால் அப்புறம் நான் யாரிடம் போய் அந்தப் படம் எவ்வளவு மட்டம் என்று திட்டுவது? இந்தக் கோபத்தில்தான் சொல்கிறேன், நீ எழுதியது முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. நீ எனக்குக் கொங்கில் கேட்பதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டது கண்ணு, உனக்குத் தெரியாமலேயே சொல்லிக்கொண்டுதான் இருந்தாய்.

படித்து அழாதே. அழுதால் முகத்தைக் கழுவிவிட்டு மேலே படி. மாடி வீட்டுப் பெண் பிராகுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். உலர்ந்த பாதாமிப் பழம் இருக்கிறது, நீ கேட்ட கம்பளிக் காலுறை இருக்கிறது, அதற்கு அடியில் புத்தகத்தின் மூன்றாவது துண்டு இருக்கிறது. ஓரம் பிய்ந்திருக்கும், ரொட்டிக் கத்தி அல்லவா. நான் அதில் ஒரு வரிகூடப் பார்க்கவில்லை, கடைசிப் பக்கத்தைத் திருப்பவும் இல்லை, பொட்டலம் கட்டும்போது கை அரித்தது, உன் அப்பாவையே கட்டச் சொல்லிவிட்டேன். இந்த ஊரில் வேறு பிரதி கிடையாது, என் பழைய நூலகத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆகையால் அவள் கயிற்றை அவிழ்த்தாளா இல்லையா என்பது இனிமேல் உன்னிடம்தான் இருக்கிறது. தெகெலியில் கிம்மும் காத்திருக்கிறார், முதல் துண்டை முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று நேற்றே போன் செய்துவிட்டார், வருகிற வாரம் இரண்டாவதை வாங்க வருகிறார்.

ஏப்ரலுக்கு டிக்கெட் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. கோடை விடுமுறைக்கு விருந்தாளியாக வா, உன் கிண்ணத்தில் துளித் துளியாக ஊற்றுகிறேன், எத்தனை முறை நீட்டினாலும் ஊற்றுகிறேன். அங்கே காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, தொப்பி போடு, ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே. மாமாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேள், அவன் முட்டாள்தான், ஆனால் எனக்காகத் தெருவில் நின்று அழுதவன், நானும் அவனுக்கு ஒரு அரைக் கிண்ணம் கடன்பட்டிருக்கிறேன். உன் வழி வெள்ளையாக இருக்கட்டும், உனக்கு முன்னால் வெளிச்சம் நடக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நிற்கட்டும்.

ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கையைக் காட்டு என்று சொல்லாதே, அதற்கு டாக்டர் இருக்கிறார், பொத்தானுக்கு உன் அப்பா இருக்கிறார், ஆட்டுத்தோலுக்கு அண்ணி இருக்கிறாள். நீ அந்தத் துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள், நான் போனை எடுத்ததும், எங்கேம்மா விட்டோம் என்று கேள்.

இன்னும் இருக்கிற உன் அம்மா,
நகிமா